ரெண்டு கரண்டி முளைக்கரு

எட்டு இருபது என்றால் எட்டு இருபதுதான். எங்கள் வாலகின் ஊர்ப் பள்ளிக்கூடத்து கேட்டை நான் எட்டேகாலுக்குத் திறந்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தால், தானியக் கிடங்குப் பக்கத்துத் திருப்பத்தில் பஸ் மூஞ்சியைக் காட்டும். இருபத்தாறு வருஷமாக இதே கதைதான். ஓடை பெருகிப் பாலத்தை மூடிய வருஷம், பஸ் ஓட்டுகிற நொலீன் நாற்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வந்தாள். வெட்டுக்கிளி அப்பிக் கண்ணாடியே தெரியாமல் போன வருஷம் வழியில் மூன்று முறை இறங்கித் துடைத்துவிட்டு வந்தாள். எப்படி வந்தாலும் எட்டு இருபது. என் கைக்கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பதை நொலீனின் பஸ்ஸை வைத்துத்தான் நான் பார்த்துக்கொள்வேன்.

நொலீன் பிரிதம். அறுபத்தொரு வயசு. ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற அகலம், அதற்கும் மேலே ஒரு குரல். சாயங்காலம் பிள்ளையை அதன் வீட்டு கேட்டில் இறக்கிவிட்டால் உடனே கிளம்ப மாட்டாள். உள்ளே கதவு திறக்கிறதா, ஒரு பெரிய ஆள் தலை தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் கியரைப் போடுவாள். தலை தெரியாவிட்டால் பிள்ளை மறுபடி பஸ்ஸில் ஏறி நொலீன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அம்மா பதறியடித்து வந்தால், "மெதுவா வா, உன் பிள்ளை ரெண்டாவது தட்டுல இருக்கு" என்பாள். இந்த ஊரில் இப்போது பிள்ளை பெற்றுக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் அப்படி அவள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான்.

அவளைப் புகழ்கிறேனே என்று எனக்கும் அவளுக்கும் சண்டையே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்க் கண்காட்சியில் ஸ்கோன், அதுதான் டீயோடு தின்கிற குட்டி பன், சுடுகிற போட்டியில் அவள் பத்தொன்பது தடவை முதல் பரிசு. அதில் பதினொரு தடவை ரெண்டாவது யார் என்று கேளுங்கள். இந்த க்வெண்டாதான். தோற்றுத் தோற்று அலுத்துப்போய்த்தான் நான் போட்டியை விட்டுவிட்டு, பலகாரப் பந்தலுக்குப் பொறுப்பாளராக ஆனேன். பொறுப்பாளர் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. கௌரவமாக ஒதுங்க எனக்கு அது வசதியாகப் போயிற்று.

போன ஜூன் மாசம். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை புதன்கிழமை வருகிற டாக்டர் அடேபாயோவிடம் நாங்கள் ரெண்டு பேரும் போயிருந்தோம். எனக்கு ரத்த அழுத்தம், அவளுக்குச் சர்க்கரை. எங்கள் ஊர் மருத்துவ அறையின் தடுப்புச் சுவர் வெறும் அட்டை. உள்ளே இருமினால் வெளியே காத்திருப்பவனுக்குச் சளி பிடிக்கும். அதனால் நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். கேட்காமல் இருக்க வழியே இல்லை.

"மூணு மாசச் சராசரி ஒன்பது புள்ளி ரெண்டு" என்றார் டாக்டர். "மாத்திரையை இதுக்கு மேல கூட்ட முடியாது. அக்டோபர் கடைசியில உங்க பஸ் லைசென்ஸ் பரிசோதனை வருது. அதுக்குள்ள ஏழரைக்குக் கீழ வரலேன்னா இன்சுலின் ஊசி ஆரம்பிச்சே ஆகணும்."

"குத்திக்கிறேன். ஆட்டுக்கு ஊசி போட்ட கை இது. எனக்கென்ன பயம்?"

"ஊசி பிரச்சினை இல்ல. ஊசி ஆரம்பிச்சா, நகரத்து நிபுணர் பார்த்து எழுதித் தர்ற வரைக்கும் நீங்க பஸ்ஸைத் தொடக் கூடாது. அதுக்கு மாசக்கணக்கு ஆகும்."

 வெளியே எனக்குப் பயமாக இருந்தது. ஊரில் அந்த லைசென்ஸ் வைத்திருப்பவள் அவள் ஒருத்தி. பஸ்ஸில் வருவது ஒன்பது பிள்ளைகள். ஓட்ட ஆள் இல்லையென்றால் இந்த வழியை அடுத்த ஊர் பஸ்ஸோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படிச் சேர்த்தால் கடைசி கேட்டில் இருக்கிற ஆறு வயசுக் குழந்தை விடியற்காலை அஞ்சு மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

டாக்டர் கேட்டார். "காலைல என்ன சாப்பிடுவீங்க?"

"டோஸ்ட்."

"மத்தியானம்?"

"சாண்ட்விச்."

"டீயோட?"

"ஸ்கோன். அதை விட்டுடுன்னு மட்டும் சொல்லாதீங்க டாக்டர்."

"ராத்திரி?"

"ஆட்டுக்கறி." ஒரு நிமிஷம் விட்டு, "பிரெட் தூள்ல புரட்டினது" என்றாள்.

"ஆக, கண் முழிச்சதுலேர்ந்து படுக்கற வரைக்கும் மாவு."

"நான் வாலகின்ல பொறந்தவ டாக்டர். சுத்தி நூறு மைலுக்குக் கோதுமை. வேற எதைத் தின்னச் சொல்றீங்க, தண்டவாளத்தையா?"

மாவுச்சத்தை எண்ணிச் சாப்பிட வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார். வீட்டுக்குப் போனால் புருஷன் மெர்வ் அதைப் படித்துவிட்டு, "கோதுமைக்காரன் பொண்டாட்டிக்குக் கோதுமை ஆகாதுன்னு வெளில சொல்லிடாதே நொல், நம்ம மானம் போயிடும்" என்று சிரித்தானாம். தட்டு பறந்தது என்று கேள்வி.

முதல் ரெண்டு வாரம் கறியும் கீரையும் முட்டையும்தான். அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! பஸ்ஸிலிருந்து பிள்ளைகள், சர்ச்சை விட்டு வெளியே வருகிற மாதிரி, வாயை மூடிக்கொண்டு இறங்கின. நான் ஒரு நாள் "காலை வணக்கம்" என்றேன். "அதுல எவ்வளவு மாவுச்சத்து இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கோழிக்குத் தவிடு வாங்க ஐவர் என்று எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் நடத்துகிற மாவு மில்லுக்குப் போன இடத்தில்தான் அவளுக்கு அது கண்ணில் பட்டது. ஐவர் மில் சின்னது. உருளைகளில் கோதுமை நசுங்கி, ஒரு வாயில் வெள்ளை மாவு, ஒரு வாயில் தவிடு, மூன்றாவது வாயில் மஞ்சளாகப் பொடிச் செதில் மாதிரி கொஞ்சம் விழும். அதுதான் முளைக்கரு. மணியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிற, செடியாக முளைக்க வேண்டிய துணுக்கு. பிறந்ததிலிருந்து பார்த்த பொருள்தான். பெரும்பாலும் பன்றித் தீவனத்துக்குப் போகும். நொலீன் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டாள்.

"கடலை மாதிரி இருக்கே ஐவர். இதுல என்ன இருக்கு?"

"மாவுல இருக்கறது ஸ்டார்ச். இதுல புரதம், நார், எண்ணெய். ஸ்டார்ச்சும் இருக்கு, ஆனா மாவை விட ரொம்பக் கம்மி. மனுஷன் நல்லதைப் பன்னிக்குப் போட்டுட்டு மிச்சத்தைத் தான் தின்றான்."

அடுத்த புதன்கிழமை ஒரு ஜாம் பாட்டில் நிறைய அதை எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேஜைமேல் வைத்தாள். அவர் எதையோ பார்த்துப் படித்தார். "நல்ல பொருள்தான். ஆனா மந்திரப் பொடின்னு நினைக்காதீங்க. இதுலயும் பாதிக்குப் பாதி மாவுச்சத்து இருக்கு. நார் நிறைய இருக்கறதால மெதுவா ஏறும், அவ்வளவுதான். வேளைக்கு ரெண்டு கரண்டி. மாவுக்குப் பதிலாப் போடுங்க. இருக்கற சாப்பாட்டுக்கு மேல தூவிக்காதீங்க" என்றார்.

'பதிலா. மேலே இல்ல.' இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். மறுநாளே மெர்வ் ஜாம் தடவிய ரெண்டு டோஸ்டின் மேல் முளைக்கருவை வாரித் தூவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நானும் உடம்பைப் பார்த்துக்க வேண்டாமா?" என்றானாம். டோஸ்ட் கோழிக்குப் போயிற்று.

அதற்கப்புறம் அவள் செய்ததைப் பார்த்து நான் வாயைப் பிளந்துவிட்டேன். காலையில் டோஸ்ட் போய், சர்க்கரை போடாத தயிரில் ரெண்டு கரண்டி, நாலு ஸ்ட்ராபெர்ரி. முளைக்கருவை முதலில் வெறும் வாணலியில் வாசனை வருகிற வரைக்கும் வறுத்துக்கொள்வாள். ரிசோல் என்கிற கொத்துக்கறி வடைக்குப் பிரெட் தூளுக்குப் பதில் இதைச் சேர்த்துப் பிசைவாள். ஆட்டுச் சாப்ஸை முட்டையில் தோய்த்து, முளைக்கருவும் துருவிய சீஸும் கலந்ததில் புரட்டிப் பொரித்தாள் பாருங்கள், நான் எனக்குப் போட்டதைத் தின்றுவிட்டு மெர்வ் தட்டையும் பார்த்தேன். பிரெட் தூள் எந்த மூலைக்கு!

ஸ்கோன்தான் படுத்தியது. முளைக்கரு, பாதாம் பொடி, முட்டை, தயிர் என்று கலந்து சுட்டாள். முதல் ஈடு செங்கல். என் வீட்டு நாய் அதை மோந்து பார்த்து, தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தது. வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். இவள் பதினாலு ஈடு சுட்டாள். ஒவ்வொன்றையும் தின்றுவிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்ப்பாள். வந்த அளவைப் பழைய பஸ் அட்டவணைத் தாளின் பின்பக்கம் எழுதுவாள். பத்து விரலிலும் புள்ளி. பதினைந்தாவது ஈடு உப்பி வந்தது. ஒரு துண்டு எனக்குக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்று, தின்கிற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. எரிச்சலாக வந்தது எனக்கு.

ஆகஸ்ட் கடைசியில் விரலைக் குத்திப் பார்க்கிற காலை அளவு ஆறரை, எங்கள் ஊர்க் கருவிக் கணக்கில் அது நல்ல எண். சட்டைப் பொத்தானுக்கும் வயிற்றுக்கும் நடுவில் காற்று போயிற்று. பஸ்ஸில் பிள்ளைகள் மறுபடி கத்த ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில்தான் அறுவடைக்கு முன்னால் உருளைகளைப் பழுது பார்க்கிறேன் என்று ஐவர் மில்லை அஞ்சு வாரம் மூடினான். நொலீன் அசருவாளா? மூடுகிற அன்றைக்கே இருபது கிலோ மூட்டை ஒன்றை வாங்கி பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் விதைக் கோதுமை போட்டு வைக்கிற டிரம் இருக்கிறது, காற்றுப் புகாத மூடி. அதைக் கழுவிக் காய வைத்து, மூட்டையைக் கொட்டி இறுக்கி மூடினாள். எங்கள் ஊரில் அப்படித்தான். தானியம் என்றால் ஷெட், டிரம், இறுக்கமான மூடி. அவள் அப்பா அப்படி வைத்த விதை ஏழு வருஷம் கழித்தும் முளைத்தது என்று சொல்வார்கள். டிரம்மை மூலைக்கு உருட்டும்போது ஒரு பக்கம் நான்தான் பிடித்தேன். எனக்கும் ஒரு சந்தேகம் வரவில்லை.

அந்த வருஷம் செப்டம்பரிலேயே வெயில் காய ஆரம்பித்துவிட்டது. மாச நடுவிலிருந்து நொலீன் முகம் சரியில்லை. பஸ் எட்டு இருபதுக்கு வரும், கதவு திறக்கும், அவள் என்னைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்ப்பாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி இருக்கே?"

"கேட்டைப் பெருக்கற வேலையைப் பாரு க்வெண்டா."

மெர்வைக் கடைவாசலில் பிடித்தேன். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அளவு மறுபடி ஒன்பதுல நிக்குது. ஏன்னே தெரியல. அதே தயிர், அதே ரெண்டு கரண்டி. ஃபிரிட்ஜ்ல ஒட்டின தாளைக் கிழிச்சுப் போட்டுட்டா" என்றான். 

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை ஊர்க் கண்காட்சி. அந்த வருஷம் நொலீன் ஸ்கோன் போட்டிக்கு வரவில்லை. "நான் திங்கக் கூடாததை நான் சுடறதில்ல" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பதிலாக, எந்த வகையிலும் சேராத பலகாரம் என்று கடைசியில் ஒரு பிரிவு உண்டு, அதில் முளைக்கரு ரொட்டி ஒன்றை வைத்தாள். தட்டுகளில் பேர் இருக்காது, எண் மட்டும்தான். நடுவர் பக்கத்து ஊரிலிருந்து வருவார். பந்தலை மூடிவிட்டு, பொறுப்பாளர் வெட்டிக் கொடுக்க, நடுவர் தின்று பார்த்துச் சொல்ல, பொறுப்பாளர் அட்டையில் எழுத வேண்டும். பேர் இல்லாவிட்டால் என்ன, நொலீனின் தட்டு எனக்குத் தெரியாதா? ரொட்டியின் ஓரத்தை அவள்போல யாரும் கத்தியால் அப்படி நேராகச் சீவ மாட்டார்கள்.

நடுவர் பெவர்லி ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல எண்ணெய் கெட்டுப் போயிருக்கு. பழைய பெயிண்ட் வாசனை அடிக்குது. அதை மறைக்கச் சர்க்கரைப் பாகுச் சிரப்பை ஊத்தி வெச்சிருக்காங்க. எழுதுங்க க்வெண்டா."

பேனா என் கையில். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். பதினொரு வருஷம் ரெண்டாவதாக வந்தவளுக்கு ஒரு நொடி அப்படி ஒரு குதூகலம் வந்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அடுத்த நொடி, 'லேசான கசப்பு' என்று எழுதித் தப்பித்துவிடலாமா என்று தோன்றியது. சிநேகிதியாயிற்றே. ஒரு துண்டைக் கிள்ளி நானும் வாயில் போட்டேன். சொன்னது சொன்னபடி பெயிண்ட். அதற்கு மேலே தித்திப்பு.

தித்திப்பா? நொலீன் வீட்டிலா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெர்வ் சொன்ன ஒன்பதும் இந்தச் சிரப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 'கெட்டுப்போன எண்ணெய் வாசனை. சிரப் மிக அதிகம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, தட்டின் மேல் சாய்த்து வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பந்தலைத் திறந்தோம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு நேரே வந்தாள். அட்டையைப் படித்தாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"இது உன் கையெழுத்து."

"ஆமா."

"பதினொரு வருஷத்து வயித்தெரிச்சலை ஒரே அட்டையில தீர்த்துக்கிட்டியா?"

 டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். எனக்கும் கோபம் வந்தது.

"ஆமாடி, வயித்தெரிச்சல்தான்! நீ சுட்டதைத் தின்னேன், இன்னும் எரியுது. சிரப் எவ்வளவு ஊத்தினே?"

"ஒரு கரண்டி."

"நொலீன்."

"மூணு." குரல் இறங்கிவிட்டது. "தயிர்லயும் ஒண்ணு. கசந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமாக் கசந்துச்சு, என் நாக்குதான் போச்சுன்னு நினைச்சேன். வயசாயிட்டா நாக்கு போகும்னு சொல்வாங்கல்ல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரத்துக்கு மேல. நாள் ஆக ஆகக் கூட ஊத்த வேண்டியிருந்துச்சு."

"தூக்கிப் போட்டிருக்கக் கூடாதா?"

"இருபது கிலோவையா? நல்ல கோதுமையைத் தூக்கிப் போட எங்கப்பா என்னை வளர்க்கலை."

பின்னால் நின்றுகொண்டிருந்த ஐவர் வாயில் இருந்த கேக்கை அவசரமாக விழுங்கினான். "நொலீன், அந்த மூட்டையை எங்க வெச்சே?"

"டிரம்லதான். ஷெட்ல. வேற எங்க வெப்பாங்க?"

"அடிப் பைத்தியமே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். "மணிக்குள்ள இருக்கற வரைக்கும்தான் கரு வருஷக்கணக்காத் தூங்கும். உடைச்சு வெளிய எடுத்துட்டா அதுல இருக்கற எண்ணெய் காத்துப் பட்டு, சூடு பட்டு கெட ஆரம்பிச்சுடும். நான் எதுக்கு அதை மாவுலேர்ந்து பிரிக்கிறேன்? மாவு கெடக் கூடாதுன்னுதானே! அதைப் போய்த் தகர ஷெட்ல?"

"விக்கும்போது வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"ஃபிரீசர்ல வெப்பேன்னு நினைச்சேன்! உன் ஃபிரீசர்ல ஒரு முழு ஆடே படுத்துத் தூங்கும்! இந்த ஊர்ல பொறந்தவளுக்கு நான் கோதுமையைப் பத்திப் பாடம் எடுக்கணுமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நொலீன் சிரிக்கவில்லை. பந்தல் ஓரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போனபோது அழுதுகொண்டிருந்தாள். அவள் அம்மா செத்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"நாலு வாரம்தான் இருக்கு க்வெண்டா. ரெண்டு மாசம் உருகி உருகிச் சம்பாதிச்சதை நானே ஊத்திக் கெடுத்துட்டேன். ஒன்பது பிள்ளைங்கடி. அந்தக் குட்டி அஞ்சு மணிக்கு இருட்டுல எந்திரிக்கணும்."

 அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, "எந்திரி. டிரம்மை உருட்டணும். உள்ள கொண்டுபோனப்ப ஒரு பக்கம் பிடிச்சவ நான்தானே" என்றேன்.

அன்று மத்தியானமே டிரம்மைத் திறந்தோம். அப்பப்பா! மூடியைத் தூக்கியதும் மெர்வ் ரெண்டடி பின்னால் போனான். வேலிக்குப் பக்கத்தில் குழி வெட்டி மொத்தத்தையும் கொட்டி மூடினோம். கோழிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. சிரப் டப்பாவை நொலீனே எடுத்து வந்து குழியில் போட்டாள். மில் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆனால் ஐவர் தன் வீட்டு ஃபிரீசரில் தனக்கென்று கொஞ்சம் வைத்திருந்தான். வாராவாரம் சனிக்கிழமை ஒரு ஜாம் பாட்டில் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, "ஃபிரீசர்" என்பான். "தெரியும், போ" என்பாள்.

அந்த நாலு வாரம் அவள் இருந்த இருப்பை நான் என் ஆயுசில் மறக்க மாட்டேன். கரண்டியைத் தலைதட்டி அளப்பாள், குவித்து எடுக்க மாட்டாள். அறுவடைக்கு முன்னால் ஊரில் கல்யாணம் ஒன்று, கேக்கை எல்லோரும் நீட்டினார்கள். கைப்பையிலிருந்து தன் ஸ்கோனை எடுத்துத் தின்றாள். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் தண்டவாளத்தை ஒட்டி ஒரு மணி நேரம் நடப்பாள், நானும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவேன். தினமும் அளவைச் சொல்வாள். ஒன்பது. எட்டு நாலு. ஏழு எட்டு. ஏழு. ஒரு நாள் மறுபடி எட்டு, அன்றைக்கு என்னிடம் பேசவே இல்லை. பிறகு ஆறு புள்ளி ஆறு.

"ஆனா டாக்டர் பார்க்கறது மூணு மாசச் சராசரி. அந்தச் சிரப் வாரங்களும் அதுக்குள்ள இருக்கு" என்றாள். எனக்கும் அதுதான் பயம்.

அக்டோபர் கடைசிப் புதன். சாயங்காலம் நாலரைக்கு அவளுக்கு டாக்டரிடம் நேரம். எனக்குப் பள்ளிக்கூடக் கூடத்தைக் கழுவுகிற நாள், போக முடியவில்லை. ஆறு மணிக்கு ஃபோன் செய்தேன். மெர்வ் எடுத்தான். "என்கிட்டயும் சொல்லலை. வந்ததுலேர்ந்து வேலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. நான் பக்கத்துல போகலை" என்றான். இதற்கு என்ன அர்த்தம்? எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது.

மறுநாள் எட்டேகாலுக்கு கேட்டைத் திறந்தேன். எட்டு இருபது. திருப்பத்தில் பஸ் இல்லை. எட்டு இருபத்திரண்டு. தலைமை ஆசிரியை ஜன்னலைத் திறந்து, "க்வெண்டா, பஸ் எங்க?" என்றாள். எட்டு இருபத்தஞ்சு. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போயிற்று, எல்லாம் போயிற்று. இருபத்தாறு வருஷம் முடிந்துவிட்டது, அதை என்னிடம் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த அட்டையை நான் அப்படிக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்க வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

எட்டு முப்பத்தொன்றுக்குத் திருப்பத்தில் ஹார்ன் கேட்டது. நிற்கவே இல்லை அந்த ஹார்ன். கேட் வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தாள். கதவு திறந்தது. பிள்ளைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குதித்தன.

"என்னடி இது? என்ன ஆச்சு?"

"ஏழு புள்ளி ரெண்டு" என்றாள்.

"அப்போ?"

"கையெழுத்துப் போட்டுட்டார். ஊசி இல்ல. பஸ் என்னோடது."

"நேத்தே சொல்றதுக்கென்ன, பிசாசே! மெர்வ் கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"நேத்து வாயைத் திறந்திருந்தா அழுகைதான் வந்திருக்கும். காலைல சொல்லிக்கலாம்னு விட்டேன்."

"அதுக்கு ஏன் இவ்வளவு லேட்டு?"

"ஆறு கேட்டுடி. ஒவ்வொரு கேட்டுலயும் இறங்கி, பெத்தவங்ககிட்ட சொல்லிட்டு வரேன். கடைசி கேட்டுல குட்டியோட அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டா. நான் என்ன பண்ண?"

நான் படியில் ஏறி அவளுக்கு ஒரு அடி வைத்தேன், தோளில்தான். அப்போதுதான் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கிற பலகையில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு அட்டை செருகியிருந்தது. கண்காட்சி அட்டை. என் கையெழுத்து. 'கெட்டுப்போன எண்ணெய் வாசனை. சிரப் மிக அதிகம்.'

"இதை எதுக்கு இங்க வெச்சிருக்கே? கிழிச்சுப் போடு."

"பத்தொன்பது பரிசு பெட்டிக்குள்ள கிடக்கு க்வெண்டா. அதுல ஒண்ணாவது என்னை இந்த சீட்டுல உக்கார வெச்சிருக்கா?"

 கீழே இறங்கினேன். பள்ளிக்கூட மணி அடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பதினோரு நிமிஷம் லேட்டு, நொலீன்."

"நாளைக்கு எட்டு இருபதுக்கு வந்துடுவேன்" என்று கதவை மூடினாள்.

வந்தாள்.